வாசனை வராத சமையல்கட்டு

வாங்க ரேணுகா, வாங்க வாங்க. மஸ்கட்லேர்ந்து எப்ப வந்தீங்க? ஐயய்ய, செருப்ப வெளியில விடாதீங்கம்மா. இந்தப் பலகையப் புடிச்சு லேசா இழுங்க. பாத்தீங்களா! செருப்பு ஸ்டாண்டு. சுவருன்னுதானே நெனச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் ஏமாறுவாங்க. போன வாரம் கொரியர்காரர் ஒருத்தர் அது மேல சாஞ்சு நின்னு கையெழுத்து வாங்கினார். தொபுக்குனு திறந்துகிட்டு மனுஷன் என் செருப்பு மேலயே விழுந்துட்டார். பாவம், அடி ஒண்ணும் இல்ல. ஆனா வேலைன்னா அப்படி இருக்கணும், தப்பா சொல்றனா?

சாவியா? உங்க வீட்டுச் சாவி குணா கிட்டதான் இருக்கு. எதிர்வீடு பூட்டிக் கிடக்கற இத்தனை நாளும் அந்தச் சாவிய அவ என்னைத் தொட விடலியே. இடுப்புலயே சொருகி வச்சிருப்பா. இப்பதான் காய்கறிக் கடைக்குப் போறேன்னு கெளம்பினா. போன் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, அதோ டேபிள் மேல கிடக்கு பாருங்க. அவங்க அக்கா ரங்கநாயகி தவறினதுலேர்ந்து போனை எடுத்துட்டுப் போறதே இல்ல. யார் கூடப் பேசப் போறேன்னு கேக்கறா. கடைக்குப் போனா லேசுல வர மாட்டா. இருட்டற நேரத்துக்கு ஒரு கட்டு கொத்தமல்லியோட வருவா. என்ன கடையோ, என்ன பேரமோ, நான் கேக்கறதில்ல. இந்நேரத்துக்கு நானும் மொட்டை மாடில வாக்கிங் போயிருப்பேன். நல்ல வேளை, பெல் அடிச்சீங்க.

சோபால வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அது ஐவரி கலரு. வெளியிலேர்ந்து வந்த துணியோட உக்காந்தா அவ்வளவுதான். நானே அதுல உக்கார மாட்டேன்னா பாத்துக்குங்க. இப்படி வாங்க, இந்தக் கவுன்ட்டர் ஸ்டூல்ல உக்காருங்க. கால் எட்டலியா? கீழ ஒரு கம்பி இருக்கும் பாருங்க, அதுல வச்சுக்கலாம். அதுவும் எட்டலியா? குணாவுக்கும் எட்டல. பழகிடும்.

காபி கலக்கச் சொல்லலாம்னா அவ வரணும். எனக்கு இந்த அடுப்பு பத்த வைக்கத் தெரியாது. எல்லாம் டச். விரல வச்சா போதும், ஆனா எந்த எடத்துல வைக்கணும்னு தெரியணுமே.

இவ்வளவு நேரமா எங்க பாக்கறீங்க? சீலிங்கா? சொல்லுங்க, சொல்லுங்க. நல்லாருக்கில்ல? அந்த லைட்டுக்கு வார்ம் ஒயிட்டுன்னு பேரு. பல்பு எங்க இருக்குன்னு தேடினாலும் தெரியாது, வெளிச்சம் மட்டும் வரும். நீங்க கடைசியா வந்துட்டுப் போனப்ப இது வீடா? குடோன். நான் முப்பது வருஷம் டயர் கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்தவன். ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்து உக்காந்தா, இங்கயும் ஸ்டோர்ஸ்தான். காலண்டர் ஒரு பக்கம், கட்டைப் பை ஒரு பக்கம், ஃப்ரிட்ஜுக்கு மேல மருந்து டப்பா, டிவிக்கு மேல அரைஞாண் கயிறு கட்டின பிள்ளையார். எனக்கு ஒரே அருவருப்பா போச்சு. யூடியூப்ல உக்காந்தேன். சின்ன ஃப்ளாட்ட எப்படி ஸ்டைலா மாத்தறதுன்னு வெளிநாட்டுக்காரன், உள்நாட்டுக்காரன், ஒருத்தன் பாக்கி இல்ல, எல்லாத்தையும் பாத்தேன். குணா கேப்பா, "சாப்பிட வாங்களேன்"னு. "இரு, இவன் இப்பதான் சுவத்த இடிக்கறான்"னுவேன்.

அப்புறம் ஷ்ரவன்னு ஒரு டிசைனர் கிடைச்சார். ஓஎம்ஆர்ல ஆபீஸ். தாடி, வட்டக் கண்ணாடி. வந்து நின்னார், வீட்ட ஒரு சுத்து பாத்தார், ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சார், உங்க வீடு மூச்சு விடல." எனக்கு சிலிர்த்துப் போச்சும்மா. நான் அவர் கையப் புடிச்சுட்டேன். குணா அங்க நின்னுட்டு இருந்தா. "வீடு ஏன் மூச்சு விடணும், மனுஷங்கதானே விடணும்"னா. அவளுக்கு இந்த நகைச்சுவை எல்லாம் அப்பப்ப வரும்.

இதப் பாருங்க, இதான் என் சிம்னி. இதப் பத்தி நான் சொன்னா யாரும் நம்பறதில்ல. இந்தத் தட்ட இழுக்கறேன் பாருங்க. எண்ணெய் இதுலதான் வந்து சேரணும். ஒரு சொட்டு இருக்கா? கைய வச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு இருக்கா? மொத மாசம் ஒரு தடவை துடைச்சதுதான், அப்புறம் இப்படித்தான். சர்வீஸ் பண்ண கம்பெனிலேர்ந்து ஒருத்தர் வந்தார். தட்டப் பாத்தார், என்னைப் பாத்தார், திருப்பித் தட்டப் பாத்தார். "சார், சமைக்கறீங்களா?"ன்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. "என்ன கேள்வி கேக்கறீங்க, முந்தாநாள் சங்கரா மீன் குழம்பு"ன்னேன். மனுஷன் ஆச்சரியப்பட்டு போட்டோ புடிச்சுட்டுப் போனார்.

நெசமாத்தான் சொல்றேன் ரேணுகா. காலைல நான் வாக்கிங் முடிச்சுட்டு வந்தா டேபிள் மேல இட்லி, சட்னி மூடி வச்சிருக்கும். சாயங்காலம் மாடிலேர்ந்து இறங்கி வந்தா ராத்திரிக்கு எல்லாம் ரெடி. வீட்ல ஒரு புகை? ஒரு தாளிப்பு நெடி? ஒரு விசில் சத்தம்? மூச்! முன்னெல்லாம் கருவாடு வறுத்தா கீழ வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். இப்ப எனக்கே தெரியறதில்ல, தட்டுல விழுந்தப்புறம்தான் தெரியும். அடுப்பப் பாருங்க. ஓரத்துல கம்பெனி ஸ்டிக்கர் கூட அப்படியே இருக்கு. இந்த வெள்ளைக் கல்லுல ஒரு மஞ்சக் கறை காட்டுங்க பாப்போம். ஆரம்பத்துல நான் கொஞ்சம் சத்தம் போட்டேன், ஒத்துக்கறேன். மஞ்சத்தூள் டப்பாவ நேரா இது மேல வச்சுட்டா, எனக்கு உசுரே போச்சு. ஆனா அப்புறம் கத்துகிட்டா. அப்படி வச்சிருக்கா வீட்ட.

இந்த எடத்துல ஒரு சுவரு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? உங்க வீட்டு சமையல்கட்டு எப்படியோ, அதேதான் இங்கயும். பில்டர் எல்லா வீட்டையும் ஒரே அச்சுல வார்த்துட்டான். குறுகலா ஒரு பொந்து. நாலு பக்கமும் அடைச்சு, ஒரு ஜன்னல், ஒரு கதவு. குணா என்ன பண்ணுவா தெரியுமா? சாயங்காலமானா உள்ள போய் அந்தக் கதவச் சாத்திக்குவா. "ஏன் சாத்தற?"ன்னா "பூனை வரும்"பா. மூணாவது மாடிக்கு எந்தப் பூனை வருது? உள்ள ஒரு மர ஸ்டூலு, கால் ஆடற ஸ்டூலு, அதுல உக்காந்துகிட்டு ரேடியோவ சன்னமா வச்சுட்டு, குடியாத்தத்துல இருந்த அவங்க அக்கா கூட போன். தினமும்! அப்படி என்னதான் பேசுவாங்களோ. நான் கதவு பக்கமா போனா சிரிப்பு சத்தம் கேக்கும். என் எதிர்ல அவ அப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல. கதவ தட்டினா சிரிப்பு நின்னுடும், "என்னங்க, காபியா?"ன்னு வருவா.

அந்த அக்காதான் போயிட்டாங்க. திடீர்னு. காலைல பேசினாங்க, சாயங்காலம் இல்ல. குணா காரியம் முடிச்சுட்டு வந்தா, நேரா சமையல்கட்டுக்குள்ள போய் கதவச் சாத்திகிட்டா. அடுத்த நாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த நாளும். ரேடியோ இல்ல, போன் இல்ல, சத்தமே இல்ல. நான் வெளியில ஹால்ல உக்காந்திருக்கேன். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? எனக்கு பயமா இருந்துச்சும்மா. நான் இதெல்லாம் வெளியில சொல்றவன் இல்ல. ஆனா நிஜமாவே பயந்து போயிட்டேன். ஒரு மனுஷி இருட்டு ரூம்ல தனியா உக்காந்து அழுதுகிட்டே இருந்தா என்ன ஆகும்?

ஷ்ரவன் கிட்ட சொன்னேன். அவர்தான், "சார், ஓப்பன் கிச்சன் போட்டுடலாம், குடும்பம் ஒண்ணாயிடும்"னார். எனக்குக் கண்ணு திறந்த மாதிரி இருந்துச்சு. நோய்க்கு மருந்து கிடைச்சிருச்சு! குணா கிட்ட சொன்னேன். "சுவரு இருக்கட்டுமேங்க"ன்னா. "ஏன்?" "சும்மாதான்." "சும்மா இருக்கறதுக்கு ஒரு சுவரா?"ன்னேன். அரிசி களைய எழுந்து போயிட்டா. அவ குணம் அது. நாம எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவா.

சுவத்துல மொதல் சம்மட்டி அடி விழுந்தப்ப அந்த ஆடற ஸ்டூலத் தூக்கி வயித்தோட அணைச்சுகிட்டு நின்னா. தூசு விழும்னு நெனச்சா போல. "குணா, அது போனா போகட்டும், உனக்குத்தான் புது ஸ்டூல் வருதே"ன்னேன். இதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதத்தான் சொன்னேன்.

இப்ப பாருங்க, எவ்வளவு காத்தோட்டம்! நான் அந்த மூலை சேர்ல உக்காந்தா அவ கை என்ன பண்ணுதுன்னு கூட இங்கேர்ந்து தெரியும். நானும் அவள ஒரு நிமிஷம் தனியா விடல. "எண்ணெய் ஜாஸ்தி போகுது பாரு"ம்பேன். "அடுப்பக் குறை"ம்பேன். "என்ன யோசனை?"ம்பேன். "எதுக்கு உனக்குள்ளயே சிரிக்கற, சொன்னா நானும் சிரிப்பேன்ல?"ம்பேன். முப்பது வருஷத்துல பேசாத பேச்செல்லாம் நான் அந்த ஒரே மாசத்துல பேசிட்டேன். குடும்பம் ஒண்ணாயிடும்னு சொன்னார்ல, ஆயிடுச்சு.

ஒரு நாளு பாத்தேன், கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. "ஏன் குணா அழற?"ன்னேன், இங்கேர்ந்தே. "வெங்காயம்"னா. நான் சும்மா விடுவனா? இங்கேர்ந்துதான் எல்லாம் தெரியுதே. பலகை மேல வெங்காயமே இல்லம்மா, வெண்டைக்காதான் இருந்துச்சு! வெண்டைக்காய்க்கு யாருக்காவது கண்ணு எரியுமா? உடனே கண்ணு டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "கண்ணுல ஒண்ணும் இல்ல, வீட்ல எப்படி?"ன்னு கேட்டாங்க. "வீடு சூப்பரா இருக்கு டாக்டர்"னு நான் போனை எடுத்து எல்லா போட்டோவையும் காட்டினேன். பழசு, புதுசு, ரெண்டும். அவங்க குணாவையே பாத்துட்டு இருந்தாங்க. சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. இப்ப சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் இந்த வீட்ல அவ அழுது நான் ஒரு நாள் கூட பாக்கல.

அதவிட அதிசயம் என்னன்னா, அவளும் மாறிட்டா. ஷ்ரவன் சொல்வார், வீட்ல பொருள் எவ்வளவு கம்மியோ அவ்வளவு அழகுன்னு. நான் எடுத்துச் சொன்னப்பல்லாம் மொறைச்சவ, இப்ப தானாவே ஒண்ணொண்ணா அப்புறப்படுத்திட்டா. மொதல்ல அந்த ஆடற ஸ்டூலு காணாம போச்சு. அப்புறம் ரேடியோ. அப்புறம் கிரைண்டர். இவ்வளவு பெரிய கிரைண்டர எப்படித் தூக்கினாளோ! அருவாமனை, தோசைக்கல்லு, அஞ்சறைப்பெட்டி, எல்லாம் போச்சு. "எங்க குணா?"ன்னேன். "குடுத்துட்டேங்க"ன்னா. "யாருக்கு?" "வேணுங்கறவங்களுக்கு." எனக்கு பெருமையா இருந்துச்சு. டிராயர இழுத்துப் பாருங்க. காலி! ஷ்ரவன் வந்து பாத்துட்டு, "ஆன்ட்டி, நீங்கதான் எனக்கு மாடல் கிளையன்ட்"னார். அவ சிரிச்சுகிட்டே உள்ள போயிட்டா. உள்ளன்னா பெட்ரூமுக்குத்தான், வேற உள்ள எது இருக்கு.

ஆங், உங்க வீட்டப் பத்திச் சொல்லணுமே. அத அவ எப்படிப் பாத்துக்கறான்னு நெனைக்கறீங்க! நீங்க ஊருக்குப் போறப்ப என்ன சொன்னீங்க? "அக்கா, வீடு இருட்டா கிடக்கக் கூடாது, வெள்ளிக்கிழமைல ஒரு விளக்கு மட்டும் ஏத்திடுங்க"ன்னீங்க. அவ்வளவுதானே? இப்ப தினமும் ஏத்தறா! காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இங்க என்னோட பூஜை யூனிட்டப் பாத்தீங்கல்ல, பின்னாடி லைட்டு எரியுதே, அதுல நெஜ விளக்கு ஏத்தினா பேனல் கருகிடும். அதனால பேட்டரி விளக்குதான். அதுவும் ஆடி ஆடி எரியும், நெஜம் மாதிரியே. ஆனா அவளுக்கு எண்ணெய், திரி எல்லாம் போட்டு ஏத்தினாதான் திருப்தி. சரி, உங்க வீட்ல ஏத்திக்கட்டும்னு விட்டுட்டேன். விளக்கேத்தப் போனா சீக்கிரம் வர மாட்டா. அவ்வளவு பக்தி. வரும்போது மொகமே தெளிஞ்சிருக்கும் பாருங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி.

ஒரே ஒரு தடவைதான் எங்களுக்குள்ள பேச்சு முத்திப் போச்சு. அதுவும் உங்க வீட்டாலதான். ஒரு நாளு சிலிண்டர்காரர் வந்து உங்க கதவ தட்டறார். நான் வெளியில வந்து, "யோவ், அது காலி வீடு, ஆளே இல்லாத வீட்ல யாரு கேஸ் புக் பண்ணுவாங்க, எடுத்துட்டுப் போங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டேன். பொறுப்பான வேலைதானே? தப்பா சொல்றனா? குணா வந்து கேட்டா. சொன்னேன். அம்மாடி! கல்யாணமான நாள்லேர்ந்து அவ குரல் அப்படி எழும்பி நான் கேட்டதில்ல. "உங்கள யாரு கேட்டா? எல்லாத்துலயும் ஏன் கை வைக்கறீங்க? எனக்குன்னு ஒண்ணு இருக்க விட மாட்டீங்களா?"ன்னு கத்தறா. ஊர்ல இல்லாதவங்க சிலிண்டருக்கு இப்படி ஒரு கோவமா? சர்க்கரை ஏறியிருக்கும்னு நெனச்சேன். டெஸ்ட் எடுத்தோம், நார்மல்.

உஸ்ஸ்... கேட்டீங்களா? விசிலு. இந்த பில்டர் போட்ட சுவரு அப்படி. நாலாவது வீட்ல தும்மினா இங்க கேக்கும். மீன் குழம்பு நெடி வேற. யாரோ சிம்னி இல்லாதவங்க. தாளிச்சு, கொதிக்க வச்சு, காரிடார் முழுக்க நாறடிக்கறாங்க. சாயங்காலமானா இதே கதைதான். எனக்கும் பசி கிளம்பிடும், அது வேற விஷயம். ஆனா ஒரு நாகரிகம் வேணாமா? அசோசியேஷன் வாட்ஸ்அப்ல நான் போட்டுட்டேன், கதவ சாத்திட்டு சமைக்கறவங்க யாருன்னு தெரியல, தயவு செஞ்சு புகைபோக்கி மாட்டுங்கன்னு. இன்னி வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கல.

என்னம்மா, கதவையே பாக்கறீங்க? குணாவா? வந்துடுவா, வந்துடுவா. ரொம்ப அவசரமா?

என்னது? விக்கப் போறீங்களா? அட! மஸ்கட்லயே இருந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களாக்கும். ஞாயித்துக்கிழமை பார்ட்டி வீடு பாக்க வர்றாங்களா? அதான் சாவியா! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்த வீட்ட அப்படியே காட்டாதீங்க. பழைய மாடல். பார்ட்டி வந்து பாத்தா மூஞ்சி சுளிக்கும். மொதல் வேலையா சமையல்கட்டு சுவத்த எடுத்துடுங்க. நான் ஷ்ரவனுக்கு போன் போடறேன், நாளைக்கே ஆள் அனுப்புவார். இடிக்கறதுக்கு ஒரு பொழுது போதும், நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன். ஹாலும் கிச்சனும் ஒண்ணாயிட்டா வீட்டுக்கே ஒரு களை வந்துடும். வாங்க, காரிடார்லேர்ந்து எப்படி இருக்கும்னு காட்டறேன். உங்க வாசக்கதவுக்கு நேரா பாத்தா அந்தச் சுவருதான் மறைக்குது. இருங்க, கதவத் திறக்கறேன். இதுவும் டிஜிட்டல் லாக்குதான், விரல வச்சா என் கட்டை விரலுக்கு மட்டும்தான் திறக்கும். குணா விரலு அதுல பதிய மாட்டேங்குது, தேஞ்சு போச்சாம். அவ நம்பர் அமுக்கித்தான் திறந்துக்கறா.

அட. உங்க வீட்டுக் கதவு திறக்குது!

குணா! நீ கடைக்குப் போகல? இங்கதான் இருந்தியா? விளக்கேத்தினியா? சரி, ஏத்தினவ கையில அது என்ன சட்டி? மீனா? கீழ் வீட்ல குடுத்தாங்களா? பின்ன? நீ வச்சதா? எங்க வச்ச?

அங்கயா?

ஏன், இங்க அடுப்பு இல்லியா? சிம்னி இல்லியா? நாலு பர்னரு!

இரு, வழி விடு. நான் பாக்கறேன். அது நம்ம ஸ்டூலு தானே... அது நம்ம கிரைண்டர். ரேடியோ வேற பாடிகிட்டு இருக்கு. ரேணுகா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க நம்பிக் குடுத்த சாவிய இப்படி... எனக்கு தலையே நிமிரலம்மா. அப்ப அந்த சிலிண்டரு? அந்த வாசனை? இத்தனை நாளும் என் சிம்னி...

சரி. உள்ள வா மொதல்ல. காரிடார்ல நின்னு எதுக்கு? விஷயத்தக் கேளு. ரேணுகா வீட்ட விக்கறாங்க. ஞாயித்துக்கிழமை ஆள் வருது. சாவி வாங்கத்தான் வந்திருக்காங்க. எடுத்துக் குடு.

ஏன் உக்காந்துட்ட? குணா, அது மேல உக்காராத, அது செருப்பு ஸ்டாண்டு, திறந்துக்கும்!

என்ன கேக்கற அவங்கள? வாடகைக்கா? அந்த சமையல் ரூமு மட்டுமா? "ரேணு, ரேணு"ன்னு கையப் புடிச்சுகிட்டு கேக்கறியே, வெக்கமா இல்லியா? வாடகைக்கு எடுக்கறதுக்கு நாம என்ன வீடில்லாதவங்களா? நமக்குத்தான் இவ்வளவு அழகா ஒரு வீடு இருக்கே!

என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு.

"உங்களுக்கு இருக்கு"ன்னா?

கேட்டீங்களா ரேணுகா? என்ன பேச்சு பேசறா பாருங்க. யாருக்காக பண்ணேன் இதெல்லாம்? எனக்கா? நான் சோபால கூட உக்காரலியே! உன் அக்கா போன துக்கத்துல நீ தனியா உக்காந்து அழுது அழுது கரைஞ்சு போயிடுவியோன்னுதானே குணா? நீ அழக்கூடாதுன்னுதானே நான் அந்தச் சுவத்தையே இடிச்சேன்?

என்னது?

"அப்ப எங்க போயிதாங்க அழறது"ன்னா கேக்கற?

...

சரி. சரி, விடு. கண்ணத் தொடை. வந்தவங்க எதிர்ல... நான் ஒண்ணும் கல்லு இல்ல. உனக்கு என்ன, ஒரு கதவு வேணும், அவ்வளவுதானே? அத வாயத் திறந்து சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? போட்டுடலாம். இன்னிக்கே ஷ்ரவன் கிட்ட பேசறேன். கண்ணாடிக் கதவு. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கண்ணாடி, ஃப்ரேமே தெரியாது, இப்ப அதான் ஃபேஷன். தள்ளினா வழுக்கிட்டுப் போகும். நீ உள்ள போய் சாத்திக்க. தாழ்ப்பாள் கூட வச்சுக்க. அழணுமா, தாராளமா அழு. நான் இங்க சேர்லேர்ந்து உன்னப் பாத்துகிட்டே இருப்பேன், ஒண்ணும் பயம் இல்ல.

சட்டிய அது மேல வைக்காத குணா! வெள்ளைக் கல்லு, மஞ்சக் கறை போகாது... வச்சுட்டா. வச்சுட்டுப் போறா பாருங்க. எங்க போற? குணா! குழம்ப யாரு ஊத்தறது?

கதவச் சாத்திட்டா. கேட்டீங்களா சத்தம், தாழ்ப்பாள் போட்டுட்டா. உங்க வீட்டுக் கதவம்மா அது! உங்க வீட்டுக்குள்ள அவ போய் தாழ் போட்டுகிட்டா, நீங்க பாத்துகிட்டு நிக்கறீங்க. தட்டுங்கம்மா. நான் தட்டினா திறக்க மாட்டா, நீங்க தட்டுங்க.

ஏன் செருப்ப மாட்டறீங்க? லிஃப்ட்ட வேற அமுக்கிட்டீங்க. ஞாயித்துக்கிழமை பார்ட்டிக்கு என்ன சொல்லப் போறீங்க? ரேணுகா, நில்லுங்க. சாவி வாங்கத்தானே வந்தீங்க?